ஸ்டில்ட் தளத்தில் பிளக் பாயின்ட் கூடாது என்பது எந்த விதி?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் (தூண்களுக்கு இடையே திறந்த தரைத்தளம்) வாகன நிறுத்தத்தில், மின்சார ஸ்கூட்டர்களைச் சார்ஜ் செய்வதற்காகச் சங்கச் செலவில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டுகள் அமைத்தோம். ஆய்வுக்கு வந்த மின் ஆய்வாளர், வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட்டே கூடாது, அனைத்தையும் கழற்றிவிட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார். எந்த விதியின்படி என்று கேட்டதற்கு, தண்ணீர் தேங்கும் இடம், நடைமுறை அதுதான் என்பதே பதிலாகக் கிடைத்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

மத்திய மின்சார ஆணையம் தனது பாதுகாப்பு விதிமுறைகளில் 2019ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தம், மின்வாகனச் சார்ஜிங் நிலையங்களில் சாக்கெட் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனி சர்க்யூட் வேண்டும், 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத மின்கசிவுப் பாதுகாப்பு வேண்டும், இடையில் எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது என்று வரையறுத்தது. குடியிருப்பின் பிளக் பாயின்ட் சார்ஜிங் நிலையம் ஆகாது என்று வாதிடலாம். ஆனால், வீட்டிலுள்ள மின் இணைப்பிலேயே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. அடுக்குமாடியில் வாகனம் நிற்பது ஸ்டில்ட் தளத்தில்தானே?

எங்கள் பாயின்ட்டுகள் ஐந்தடி உயரத்தில், தனி சர்க்யூட்டில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியுடன் உள்ளன. 2015லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதியின் ஸ்டில்ட் தளங்களில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், 800 மில்லிமீட்டர் போதாது என்று நாங்களே முடிவு செய்தோம். தண்ணீர் தேங்கும் இடம் என்ற ஆய்வாளரின் கவலை நியாயமானதே. அப்படியிருக்க, காவலாளி அறையை ஒட்டி முழங்கால் உயரத்தில் இருக்கும், தரை கழுவும் மோட்டாருக்கான பழைய பாயின்ட்டை மட்டும் அவர் எப்படி அனுமதித்தார் என்பது விளங்கவில்லை. லிஃப்ட், பம்ப், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யே அதற்குப் போதும் என்றார்.

போதாது. ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்புவதும் சமமாக இல்லாவிட்டால்தான் ஆர்.சி.சி.பி. துண்டிக்கும். அந்த வித்தியாசம், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் வழியே பாயும் மின்னோட்டமாகவும் இருக்கலாம். 50, 60 மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். 100 மில்லி ஆம்பியர் கருவியோ, தன் அளவில் பாதி வரை துண்டிக்காமல் இருப்பதற்கென்றே தயாரிக்கப்படுவது. ஒயரிங்கில் தீப்பிடிக்காமல் காக்க அது உதவும். மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கருவிதான் வேண்டும்.

பிளக் பாயின்ட்டுகளைக் கழற்றிவிட்டால் சார்ஜ் செய்வது நின்றுவிடாது. இவை வருவதற்கு முன் முதல் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும். நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் வழியாகத்தான் அது மின்சாரம் எடுக்கும். அதன் பெட்டி ஸ்கூட்டரின் கால்மிதியில் மழைச்சாரல் படக் கிடக்கும். எந்த ஆய்வாளரின் கண்ணிலும் படாத இந்த ஒயர்களிடமே எங்கள் குழந்தைகளை மீண்டும் விட வேண்டுமா?

ஆய்வாளர் தமது ஆட்சேபத்தை விதி எண்ணுடன் எழுத்தில் தர வேண்டும். அப்படி விதி இருந்தால் மறுநாளே கழற்றிவிடுகிறோம். இல்லையெனில், பாயின்ட்டின் உயரம், எர்த் இணைப்பு, ஆர்.சி.சி.பி.யின் அளவு ஆகியவற்றை நேரில் சோதித்து, பழைய பாயின்ட்டையும் சேர்த்து மறு ஆய்வு செய்யுமாறு உயர் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கச் செயலாளர்,
வேளச்சேரி, சென்னை.