பெட்டை மயிலின் கணக்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்தது நல்ல செய்தி. இங்கே பெரியபட்டினத்தில் எல்லாரும் சுகம். ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகு மீன்தான், விலை கேட்டாலே பசி போய்விடும்.

மயில்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். பனங்காட்டில் இப்போது அதுகளுக்குச் சீசன், விடியும் முன்பே அகவல். வேலிக்கருவை ஓரத்தில் ஒரு சேவல் மயில் தோகையை விரித்துச் சரசரவென்று சிலிர்த்துக்கொண்டே சுற்றுகிறது. இரண்டு பெட்டைகள் குனிந்த தலை நிமிராமல் மண்ணைக் கிளறுகின்றன. பாவம்டா அவன்.

ஆண் ஹார்மோன்தான் தோகையை வளர்க்கிறது என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. தோகை வளர்வதே மயிலின் இயல்பு. பெட்டையின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதை அடக்கி வைக்கிறது. சூலகம் வற்றிப்போன கிழட்டுப் பெட்டைக்கு ஆணைப்போலத் தோகை முளைத்ததைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, ஜோடியைத் தேர்ந்தெடுக்கிறவளின் மனசும் எப்போதும் ஒன்றுபோலவா இருக்கிறது? பனாமாவில் துங்காரா என்றொரு தவளை. முட்டை முற்றி ஈஸ்ட்ரோஜன் ஏறிய வேளையில், மற்ற நேரம் சட்டை செய்யாத சுமாரான குரலுக்கும் பெண் தவளை போய்விடுகிறது. பத்து வரனைத் தட்டிக்கழித்த வீட்டில் ஆடி பிறக்கப்போகிறது என்றதும் ஒரு அவசரம் வருமே, அந்த மாதிரி. முட்டையிட்டு முடித்துவிட்டால் எவன் கத்தினாலும் அசையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்க ஜன்கோ குருவியின் கதை. எலன் கெட்டர்சன் என்ற உயிரியல் ஆய்வாளரின் குழுவினர் ஆண் குருவிகளின் தோலுக்கடியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை வைத்துப் பார்த்தார்கள். பாட்டு கூடியது, பெட்டைகளுக்கும் அவற்றையே பிடித்தது. பக்கத்துக் கூட்டுக் குஞ்சுகளுக்கும் தகப்பனாயின! ஆனால் தன் குஞ்சுக்கு இரை கொண்டுவருவது குறைந்தது, ஆயுளும் குறைந்தது. பாட்டுக்காரனைப் பிடித்தவள்தான் குஞ்சுகளுக்கு அலைய வேண்டும். அதனால் பெட்டை தயங்குவதைத் திமிர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? இன்சுலினும் ஹார்மோன்தான் ஐயா, ஊசியை மறக்காமல் போட்டுக்கொள். சர்க்கரைக் கணக்கைப் பதிலில் எழுது.

அன்புடன்,
சேது