செத்த ஆட்டுக்கு எந்த ஊர் ரேஷன் கார்டு?

கால்நடை இழப்புக்கு நிவாரணம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊர் ஊராக ஆடு மேய்த்து, ராத்திரியில் வயல்களில் உரத்துக்காக அவற்றை அடைத்துக் கிடை போட்டுப் பிழைக்கும் கீதாரி ஒருவரின் மகன் எழுதுகிறேன். நெறிமுறை உங்களுக்கு மனப்பாடம். ஆட்டுக்கு 4,000 ரூபாய், குடும்பத்துக்கு 30 உருப்படி வரை. 31-வது ஆடு வெள்ளத்தில் போனாலும் போகாத கணக்குதான்.

அப்பாவுக்குப் போனது 112. அதில் 40 அத்தை வீட்டு ஆடுகள். சொந்த ஊரிலிருந்து இரண்டு மாவட்டம் தள்ளிக் கிடை போட்டிருந்தபோது, அடைமழையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய் உடைந்தது. குட்டிகள் அடைத்த கூட்டுக்குள்ளேயே மிதந்தன.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தால்தான் சான்று என்றார்கள். பாதையெல்லாம் தண்ணீர், அவர் எப்படி வருவார்? அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று நாள் நாய் அண்டாமல் அப்பா காவல் இருந்தார். நாற்றம் தாங்காமல் நிலத்துக்காரர் புதைக்கச் சொல்லிவிட்டார். புதைக்கும் முன் ஒவ்வொன்றிலும் இடது காதை மட்டும் அறுத்து, உப்புத் தடவிச் சாக்கில் போட்டார். ஏன் ஒரு காது என்று கேட்டேன். "ரெண்டையும் கொண்டுபோனா, ஒண்ணை ரெண்டாக் காட்டுறான்னு சொல்லிருவாங்கப்பா" என்றார்.

காது ஆவணம் ஆகாதாம். சரி. அப்புறம், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே மனுக் கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், இழப்பு நடந்த ஊரில் சான்று வாங்கி வாருங்கள் என்கிறார்கள். இனிமேல் மேய்ச்சல் தேடி வலசை கிளம்பும்போது, செத்தால் சொந்த ஊர் எல்லைக்குள் வந்து சாகும்படி ஆடுகளிடம் சொல்லி வைக்கிறோம்.

இயற்கை உரம் என்று மேடைதோறும் பேசுகிறீர்கள். அந்த உரத்தை வயல் வயலாகப் போட்டுவிட்டு வருகிறவனுக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. 'நிரந்தர முகவரி' என்று மட்டும் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் ஆட்டுக்கான தொகையை 3,000 ரூபாயிலிருந்து 4,000 ஆக்கினீர்கள், அதற்கு நன்றி உண்டு. கேட்பது ஒன்றுதான்: ஆடு எங்கே செத்ததோ அங்கேயே மனுவை வாங்குங்கள். இழப்புக்குச் சான்று தருவது யார் என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய நெறிமுறையே சொல்கிறது. அப்படியானால், செத்த இடத்துக் கால்நடை மருத்துவரும் வி.ஏ.ஓ.வும் சேர்ந்து தரும் சான்று எந்த மாவட்டத்திலும் செல்லும் என்று ஓர் உத்தரவு போட என்ன தடை? 30 என்ற வரம்பு டெல்லி போட்டது, தெரியும். அதைத் தளர்த்தச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் எழுதலாமே.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், செத்த இடத்திலேயே மனுவை வாங்குங்கள். அப்பாவின் சாக்கு இன்னும் பரணில்தான் கிடக்கிறது. அதை எந்த அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கீதாரியின் மகன்