வாழைநாரில் கட்டிய அறுபது நாற்று முடிகள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், எங்களுக்காகச் சேற்றில் இறங்கிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

அந்த ஐந்து நாள் வெள்ளத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள். வெண்ணாற்றுக் கடைமடையில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேட்டூர் திறந்து பாசனத் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். மழைக்காலத்திலோ எல்லா ஊர்த் தண்ணீரும் வடிந்து எங்கள் வயலில் வந்து தங்கும். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. அதைக் கழுவிவிடுவதற்கு முன் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வாய்க்கால் கரையில் இரவு முழுவதும் மணல் மூட்டை அடுக்கிய பிள்ளைகளுக்கு நன்றி. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டுவதைக் குடிமராமத்து என்பார்கள் என்று என் மாமனார் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றிரவு யாரும் யாரையும் கூப்பிடவில்லை, வந்து நின்றீர்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட ஆசிரியர், கோயில் மடப்பள்ளியில் மூன்று வேளையும் உலை வைத்தவர்கள், கழுத்தளவு தண்ணீரில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேட்டில் கட்டியவர்கள், மருந்தோடு வந்த கால்நடை மருத்துவர், மின்கம்பத்தில் ஏறிய தம்பிகள், எஞ்சின் வைத்து எங்கள் வயலையும் சேர்த்து இறைத்துக் கொடுத்த பக்கத்து வயல்காரர்: உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் ஒரு வீட்டுக்கு நான் ஏற்கெனவே போய்வந்துவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் எங்கள் எட்டு மாவும், அதாவது இரண்டரை ஏக்கர் சொச்சமும், அழுகல் வாடை அடித்தது. பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்கிய சம்பா கையில் எடுத்தால் கூழாக வந்தது. மேட்டுப் பக்கம் கொஞ்சம் தேறியிருந்தது. வீட்டுக்காரர் வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இந்த ஆண்டு இப்படியே கிடக்கட்டும். தை மாதம் உளுந்து தெளித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதற்கு என்னிடம் நாற்றும் இல்லை, நாற்று வாங்கப் பணமும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் மடையைப் பார்க்கப் போனேன். வாய்க்காலில் வேர் நனையும்படி நாற்று முடிகள், அதாவது நாற்றுக் கட்டுகள், வரிசையாக நின்றன. மேலே நனைத்த சாக்கு போர்த்தியிருந்தது. எண்ணினேன், அறுபது. சுற்றிலும் ஆள் இல்லை. கரையில் சைக்கிள் சக்கரத்தின் தடம் மட்டும் இருந்தது.

யாரோ தவறிப்போய் எங்கள் மடையில் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். தெருவெல்லாம் விசாரித்தோம். மாமியார்தான் ஒரு முடியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம் பக்கத்துக் கட்டு இல்லை" என்றார். எங்கள் ஊரில் வைக்கோல் பிரியால் கட்டுவார்கள். இது வாழைநார். வாழைக் கொல்லை இருப்பது மேற்கே மூன்று ஊர் தாண்டித்தான். நாற்றை வைத்துக்கொண்டு உடைமைக்காரரைத் தேட நேரமில்லை, வேர் காய்ந்துவிடும். அன்றே நடவுக்கு ஆள் கூப்பிட்டோம்.

அந்தப் பெண்களுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ஒரே வயலை இரண்டாம் முறை நடுவது எவ்வளவு பாரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். யாரும் பாடவில்லை, பேசக்கூட இல்லை. முதல் முடியின் வாழைநாரைப் பிரித்து நாற்றைக் கையில் எடுத்த பெரியம்மா ஒருவர் திடீரென்று குலவையிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வரப்பில் நின்றிருந்த வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

அறுபது முடி ஒரு மாவுக்குக்கூடப் போதவில்லை. மீதி வயலில், மேட்டுப் பக்கம் தேறிய பயிரின் தூரைப் பிரித்து நட்டோம். ஆனால் அந்த அறுபது இல்லையென்றால் ஒரு தூரைக்கூட நாங்கள் பிரித்திருக்க மாட்டோம்.

பால் சொசைட்டி வண்டிக்காரரிடம் ஒரு வாழைநாரைக் கொடுத்தனுப்பி விசாரித்ததில், நான்காம் நாள் ஆள் தெரிந்தது. மூன்று மா நிலம் வைத்திருக்கும் ஒரு முதியவர். நாங்கள் போனபோது திண்ணையில் அவர் மனைவி நார் கிழித்துக்கொண்டிருந்தார். பணத்தை நீட்டினேன். "முதலில் அதை மடியில் கட்டு, தாயி. வேர் பிடித்ததா, சொல்" என்றார் பெரியவர். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய பாரம்பரிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை நெல் வாங்கினால் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கிலாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். எங்கள் பக்கத்தில் பழையவர்கள் ஆண்டுகளைப் புயலை வைத்துத்தான் எண்ணுவார்கள்: 1952, 1977, கஜா வந்த 2018. 1977 கார்த்திகையில் அவர்கள் வயலும் இப்படித்தான் கிடந்ததாம். யாரோ ஒரு வண்டி நாற்றைக் களத்தில் இறக்கிவிட்டுப் போனார்களாம். யாரென்று கடைசிவரை தெரியாமலே அவர் அப்பா கண்ணை மூடினார். அந்த ஆண்டிலிருந்து அந்த வீட்டில் தேவைக்கு மேல் பத்துக் குழி, அதாவது ஒரு மாவில் பத்தில் ஒரு பங்கு, நாற்றங்கால் விடுகிறார்கள். பின்பட்டத்துக்கும், அதாவது தாமதமாக நடுவதற்கும், ஆகும் என்று குறுகிய வயது நெல்லாகப் பார்த்து, நாள் தள்ளி விதைப்பார்களாம். பல ஆண்டுகள் அது மாட்டுக்குத்தான் போயிருக்கிறது.

"எங்கள் வயல் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். எங்கள் வயல் அவருக்குத் தெரியாது. கரையோரமாகவே சைக்கிளை மிதித்து வந்தவர், அழுகிக் கிடந்த வயலாக முதலில் கண்ணில் பட்டதன் மடையில் இறக்கிவைத்திருக்கிறார். நாரை ஏன் இவ்வளவு தளர்த்திக் கட்டினீர்கள் என்று என் மாமியார் கேட்டதற்கு அந்த அம்மாள்தான் பதில் சொன்னார்: "தூரம் போகிற நாற்று. இறுக்கினால் தண்டு கன்றிவிடும்."

தம் பெயரை எங்கும் சொல்லக்கூடாது என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் எழுதவில்லை. ஐயா, அம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: வேர் பிடித்துவிட்டது. நேற்றுதான் முதல் தடவை உரம் தெளித்தோம். உங்கள் மூலை மற்றதைவிட ஒரு சாயல் இளம்பச்சையாக இருக்கிறது, வரப்பிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

பிரித்த நார்களை அலசிக் காயவைத்து, பரண் கொடியில் போட்டிருக்கிறேன். வருகிற புரட்டாசியிலிருந்து எங்கள் வீட்டிலும் பத்துக் குழி கூடுதலாக விடுவோம். வீட்டுக்காரர் இடம்கூடப் பார்த்துவிட்டார், களத்துமேட்டுப் பக்கம், தண்ணீர் ஏறாத இடம்.

நன்றியுடன்,
கடைமடையிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம்