படத்தைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்சி மாறியவர்களின் பட்டியலை நீங்கள் வெளியிட்டதிலிருந்து, அவர்களைத் திட்டி வாசகர் பகுதியில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. பச்சோந்தி, துரோகி என்பதைத் தாண்டி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கல்லூரியில் 31 ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தியவள் நான். போர்ச்சுகல் என்றால் சர்வாதிகாரி சலாசாரோடு பாடத்தை முடித்துவிடுவோம். அவருக்குப் பின் வந்த அரசியல்வாதி டியோகு ஃப்ரெய்தஸ் டு அமராலைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது வருந்துகிறேன்.

ஃப்ரெய்தஸ் லிஸ்பனில் நிர்வாகச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ஆசான் மார்செலோ கயத்தானோதான் சலாசாருக்குப் பின் நாட்டை ஆண்டவர். 1974 ஏப்ரல் 25 அன்று ராணுவ அதிகாரிகளின் புரட்சியில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. மூன்றே மாதத்தில், 33 வயது நிறையும் முன்பே, சிடிஎஸ் என்ற வலதுசாரிப் பக்கம் சாய்ந்த கட்சியைத் தொடங்கினார் ஃப்ரெய்தஸ். நாடே இடதுசாரி அலையில் இருந்தது. 1975 ஜனவரியில் போர்த்து நகரில் நடந்த கட்சி மாநாட்டைத் தீவிர இடதுசாரிகள் முற்றுகையிட, வெளிநாட்டு விருந்தினர்கூட விடியும்வரை உள்ளேயே கிடந்தார்கள். 1976 அரசியலமைப்பை எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சியும் அதுதான்.

1980 டிசம்பர் 4 அன்று பிரதமர் சா கர்னெய்ரோ விமான விபத்தில் இறந்தார். ஃப்ரெய்தஸோடு உடனிருந்து சிடிஎஸ் கட்சியைத் தொடங்கிய அமரோ ட கோஸ்தாவும் அதே விமானத்தில் போய்விட்டார். தோழரைப் பறிகொடுத்த அந்த நேரத்தில், துணைப் பிரதமராக இருந்த ஃப்ரெய்தஸ் ஒரு மாதம் இடைக்காலப் பிரதமராக நாட்டைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பாதுகாப்பு அமைச்சர். அதுவரை ராணுவ அதிகாரிகளின் புரட்சிக் குழுதான் சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1982 அரசியலமைப்புத் திருத்தத்தில் அந்தக் குழு கலைந்தது. அதே ஆண்டு வந்த பாதுகாப்புச் சட்டம் ராணுவத்தை மக்கள் அரசுக்குக் கட்டுப்பட வைத்தது. அவர் பங்கெடுத்த காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

1986 அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் 46 சதவீதம் வாங்கி முன்னால் நின்றார். இரண்டாம் சுற்றில் கம்யூனிஸ்டுகளும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சோசலிஸ்ட் தலைவர் மாரியோ சுவாரெஸுக்கு வாக்குப் போட, சுமார் 1.4 லட்சம் வாக்கில் தோற்றார். 1995இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரானார்.

சரி, கட்சி மாறிய கதைக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒற்றுமையை நம்பித் தொடங்கிய கட்சி 1992 வாக்கில் அதற்கு எதிராகத் திரும்பியது. அவர் வெளியேறினார். 2003இல் ஈராக் போரைக் கண்டித்தார். 2005இல் சோசலிஸ்ட் அரசில் வெளியுறவு அமைச்சரானார். உடனே சிடிஎஸ், தன் அலுவலகச் சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றி சோசலிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தது. தொடங்கியவரின் படத்தை! நகர்ந்தது அவரா, கட்சியா?

எங்கள் கண்டனூர் வீட்டு வளவில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கும். ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்தப் போன சின்ன ஐயாவுக்கும் என் ஐயாவுக்கும் கணக்கில் மனத்தாங்கல் வந்து, போக்குவரத்தே நின்றுவிட்டது. கல்யாணத்துக்குக்கூட அழைப்பில்லை. ஆனால் சின்ன ஐயா படத்தை யாரும் தொடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அப்பத்தா அதையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இந்தத் தூணெல்லாம் அவுக அனுப்புன தேக்கு ஆத்தா" என்றார்.

கட்சி மாறியவர்களின் பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது, ஒவ்வொருவரும் மாறிய ஆண்டுக்குப் பக்கத்தில், அதற்கு முன் அவர் விட்டு வந்த கட்சி தன் கொள்கையில் எதை மாற்றியது என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

உமையாள்,
கண்டனூர்.