செயலாளரின் ஆண்டறிக்கை 2025: திறமூல இயங்குதளத்துக்கு மாறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த பணிகளுள் தலையாயது, சங்க அலுவலகக் கணினிகளுக்கும் சர்வருக்கும் ஏற்ற திறமூல இயங்குதளத்தை, அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் இயங்குதளத்தை, தேர்ந்து நிறுவுவதும், தம் சொந்தக் கணினியிலும் அவ்வாறு மாற விரும்பும் உறுப்பினர்களுக்கு உடனிருந்து உதவுவதும் ஆகும். சந்தாவையும் வரவுசெலவையும் பொருளாளரின் அறிக்கை விரிவாகச் சொல்லும் என்பதால், இவ்வறிக்கையை முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இந்தப் பணிக்கு அவசரம் தந்தது ஒரு தேதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிடும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதலாக ஓராண்டுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டாலும், அது தள்ளிப்போடும் வழியே தவிரத் தீர்வு அன்று. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்பதால், அலுவலகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளுள் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறவில்லை. நினைவகமும் ஹார்டு டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்கும் கணினியை ஒரு சில் இல்லை என்பதற்காகக் கழித்துக்கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை; செயற்குழுவுக்கும் ஒப்பவில்லை.

எந்த இயங்குதளம் என்ற கேள்வி எழுந்ததும், எதிர்பார்த்தபடியே, ஒவ்வொருவரும் தாம் பழகியதைப் பரிந்துரைத்தார்கள். முதல் இரண்டு கூட்டங்கள் அப்படியே கழிந்தன. மூன்றாம் கூட்டத்தில், எது சிறந்தது என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, மேசைமேல் வந்த ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே கேள்விகளைக் கேட்பது என்று முடிவு செய்தோம்: இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும், யாரிடமிருந்து வரும்? இது பழுதானால் நம்முள் எத்தனை பேருக்குச் சரிசெய்யத் தெரியும்? திரையின் அழகு, மென்பொருள்களின் எண்ணிக்கை, வேக ஒப்பீடு ஆகிய எல்லாவற்றையும் இவ்விரண்டுக்கும் பின்னால் நிறுத்தினோம். இந்த ஆண்டு நாங்கள் எடுத்த முடிவுகளுள் மிகச் சரியானது இதுவே என்று கருதுகிறேன்.

மேசைக்கணினிகளைப் பொறுத்தவரை முடிவு விரைவாகவே கிட்டியது. ஃபெடோரா அருமையான லினக்ஸ் வழங்கல் (லினக்ஸைக் கருவாகக் கொண்டு தொகுத்துத் தரப்படும் இயங்குதளம்); ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது, ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்களில் முடிகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாக் கணினிகளையும் பதிப்பு மாற்ற நம்மிடம் ஆள் இல்லை. புதுப்பிப்புகள் இடைவிடாது வந்துகொண்டிருக்கும் ஆர்ச் லினக்ஸை இளைய உறுப்பினர்கள் இருவர் மிகுந்த ஈடுபாட்டோடு முன்மொழிந்தார்கள். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் ஒரு புதுப்பிப்பு தடுமாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களாலேயே விடை சொல்ல முடியவில்லை. எஞ்சியவை ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகி ஐந்தாண்டு ஆதரவு பெறும் உபுண்டு எல்டிஎஸ்ஸும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), அதை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட்டும் ஆகும். பழைய திரை அமைப்பில் பழகியவர்கள் தொடக்கப் பட்டியைத் தேட வேண்டியிராததாலும், கணினியின் முந்தைய நிலைக்கு மீளும் டைம்ஷிஃப்ட் கருவி கூடவே வருவதாலும் மின்ட் 22ஐத் தேர்ந்தோம். உபுண்டு 24.04ஐச் சார்ந்த அந்தப் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நினைவகம் குறைந்த கணினிகளுக்கு எளிய திரையமைப்பு கொண்ட அதன் எக்ஸ்எஃப்சிஇ வடிவம் போதுமானதாக இருந்தது.

32 பிட் செயலி கொண்ட இரண்டு பழைய மடிக்கணினிகள் மட்டும் தனியாக நின்றன. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 12ஆம் பதிப்பு வரை அவற்றுக்கு நிறுவல் கோப்பு கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அந்த வகைக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே அவற்றில் டெபியன் 12ஐ நிறுவி, இணையத்தில் இணைக்காமல், தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

உறுப்பினர்களின் சொந்தக் கணினிகளுக்காக நடத்திய நிறுவல் முகாம்கள் எங்களுக்கே பல பாடங்களைக் கற்பித்தன. முதலில் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது, வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி ஆகிய நான்கையும் சோதிப்பது, கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது, அதன்பின்னரே நிறுவலைத் தொடங்குவது என்ற ஒழுங்கை இரண்டாம் முகாமிலிருந்து கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். முதல் முகாமில் அந்த ஒழுங்கு இல்லாததன் விளைவை மூத்த உறுப்பினர் ஒருவர் அனுபவிக்க நேர்ந்தது. அம்மையார் கொண்டுவந்த மடிக்கணினியில் மின்ட் நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தபோது, வலைப்பின்னல் பட்டியலில் வைஃபை என்ற சொல்லே இல்லை. வைஃபை இல்லாமல் டிரைவரை, அதாவது வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருளை, இறக்க முடியாது. டிரைவர் இல்லாமல் வைஃபை வராது. அவருடைய கைபேசியையே யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் தேவையான பொதி பட்டியலில் முதல் வரியிலேயே நின்றது. மொத்த வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் அவர் கைகளைக் கோத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அவர்மீது அந்தக் கவலையைச் சுமத்தியதற்காகச் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்துக்கொண்டவர்களுள் சிலர், லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் அதில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றார்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் பாதி உறக்க நிலையில் விட்டுவிடுவதே அதற்குக் காரணம். கோப்பு சிதையாமலிருக்க லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. அந்த வசதியை விண்டோஸுக்குள் சென்று அணைத்தால் சரியாகிவிடும்.

தமிழ்த் தட்டச்சில் அச்சப்பட்ட அளவுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட நம் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியபோது சிலர் இயங்குதளத்தைக் குறை சொன்னார்கள். உண்மையில் அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அவை அப்படித்தான் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

இனி சர்வர். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் சர்வரில் நெடுங்காலமாக சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வழங்கல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல், பாதுகாப்புப் புதுப்பிப்பு ஏதும் இன்றி, உறுப்பினர் பட்டியலையும் சங்க ஆவணங்களையும் அதிலேயே வைத்திருந்தோம். இது யாருடைய குறையும் அன்று, செயலாளர் என்ற முறையில் என்னுடையது. அடுத்த பதிப்புக்கு மாற முன்பே எண்ணியிருந்தோம். ஆனால் 2029 வரை ஆதரவு பெறும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்ததும், எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டோம். அந்த இடத்தை நிரப்ப எழுந்த அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் இன்று நம்பத்தக்க நிலையில் இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தவர்களை நான் மறுக்கமாட்டேன். எனினும் சென்ட்ஓஎஸ்ஸுக்கு நேர்ந்ததுபோல் ஒரு தனி நிறுவனத்தின் முடிவால் காலவரம்பு மாறக்கூடிய இடத்துக்கு அருகில் மறுபடி குடிபோக வேண்டாம் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது.

லினக்ஸ் அல்லாத மற்றொரு திறமூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை முன்மொழிந்த உறுப்பினர் அதற்காக ஒரு மாலை முழுவதும் செயல்விளக்கம் தந்தார். இயங்குதளத்தின் மையமான கருநிரலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்தின்கீழ் ஒன்றாக வளர்வது, இசட்எஃப்எஸ் கோப்பு முறை உடன் இணைந்தே இருப்பது, ஒரு சேவையை மற்றொன்றிலிருந்து ஜெயில் வசதியால் பிரித்து வைப்பது, நன்கு பேணப்படும் கையேடு ஆகியவற்றைக் கண்டு நான் உண்மையிலேயே கவரப்பட்டேன். ஆனால் நம் சங்கத்தில் அதை ஆளத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எங்கள் இரண்டாம் கேள்வியில் அது நின்றுவிட்டது. அதை அவரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, வரும் ஆண்டில் நான்கு வகுப்புகள் எடுக்க முன்வந்திருக்கிறார். அவருக்கு நன்றி.

டெபியன் என்று பேச்சு திரும்பியபோது, அதன் நிலைப்பதிப்பில் உள்ள மென்பொருள்கள் பழையவை என்ற மறுப்பு எழுந்தது. அதற்கு விடையாக 2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தியை நினைவூட்டினேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றைப் புதைத்திருந்தார். டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை தோண்ட முடிந்தது. அந்தப் பதிப்புகள் டெபியனின் நிலைப்பதிப்புக்குள் வந்து சேர்ந்திருக்கவே இல்லை. நிலைப்பதிப்பில் எண் பழையதாகத் தெரிந்தாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய எண்ணுக்கே பின்னோக்கிக் கொண்டுவரப்படுகின்றன என்பதையும் விளக்கினேன். 1993இல் தொடங்கி, 1997 முதல் ஒரு சமூக ஒப்பந்தத்தின்கீழ், ஆண்டுதோறும் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்து நடந்துவரும் திட்டம் அது. மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் ஈராண்டு நீண்டகால ஆதரவும் உண்டு. நம்மில் ஐவருக்கு அதை ஆளத் தெரியும். டெபியன் 13 ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மாற்றம் நடந்த பின் நேர்ந்த ஒன்றை மறைக்காமல் பதிவு செய்வது என் கடமை. நம் காப்புநகல் நிரல், ஆவணங்கள் அனைத்தையும் முதலில் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறையில் ஒரே கோப்பாகச் சுருக்கி, பின்பு வெளி டிஸ்க்குக்கு நகர்த்தும்படி முன்பே எழுதப்பட்டது. டெபியன் 13இல் அந்தக் கோப்புறை இயல்பாகவே நினைவகத்தில் அமைகிறது. நினைவகத்தின் பாதியளவுக்கு மேல் அது வளராது. நம் சர்வரில் உள்ளது 8 ஜிபி. ஆகவே ஒவ்வோர் இரவும் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் இடமின்றி நின்றது. நிரலோ பிழையைப் பார்க்காமல், அரைகுறையான அந்தக் கோப்பை ஒழுங்காக வெளி டிஸ்க்குக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. காலையில் பார்ப்பவருக்குத் தேதியிட்ட கோப்பு வரிசையாக இருக்கும், எல்லாம் நலம் என்று தோன்றும். மாதாந்திர மீட்புச் சோதனையில் ஒரு கோப்பை விரித்துப் பார்த்தபோதுதான், அகரவரிசையில் பாதிக்குப் பிந்தைய கோப்புறைகள் எதுவும் அதில் இல்லை என்பது தெரிந்தது. வெளியீட்டுக் குறிப்பில் இந்த மாற்றம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாங்கள் அதைப் படிக்கவில்லை. நல்வேளையாக, இடைப்பட்ட அந்த மூன்று வாரங்களில் எதையும் மீட்க வேண்டிய தேவை எழவில்லை. இப்போது நிரல் நேரடியாக வெளி டிஸ்க்கிலேயே எழுதுகிறது, பிழை நேர்ந்தால் ஐவருக்கும் மின்னஞ்சல் செல்கிறது. பதிப்பு மாற்றத்துக்கு முன் வெளியீட்டுக் குறிப்பை இருவர் தனித்தனியே படித்துக் கையொப்பமிட வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டுள்ளது.

சில உறுப்பினர்கள் விண்டோஸிலேயே தொடர்கிறார்கள். அவர்கள் தொழிலுக்குத் தேவையான கணக்கு மென்பொருளோ வரைபட மென்பொருளோ லினக்ஸில் ஓடவில்லை; விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக முயன்றும் ஒத்துவரவில்லை. அவர்களை வற்புறுத்துவது முறையன்று. அவர்களும் ஃபயர்ஃபாக்ஸையும் லிப்ரே ஆபிஸையும் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதால், பின்னொரு நாள் மாற நினைத்தால் பாதி வழியை ஏற்கெனவே கடந்திருப்பார்கள்.

வரும் ஆண்டுக்கான கோரிக்கைகள் மூன்று. சர்வருக்கு இரண்டாவது காப்புநகல் டிஸ்க் ஒன்று வாங்கி, அதை அலுவலகத்துக்கு வெளியே ஓர் உறுப்பினர் இல்லத்தில் வைக்க அனுமதி வேண்டும். சர்வரைப் பராமரிக்கும் ஐவரோடு புதியவர் இருவரைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும். அவர்களுள் ஒருவராவது இதுவரை கட்டளைத் திரையைத் தொடாதவராக இருக்கட்டும், அப்போதுதான் நம் குறிப்பேடுகள் புரியும்படி இருக்கின்றனவா என்பது தெரியும். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் திட்டங்களுக்குச் சங்க நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு நன்கொடை அனுப்ப வேண்டும். தொகையைப் பொதுக்குழுவே முடிவு செய்யலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்