முகத்தில் ஊசி போட்டுக்கொள்பவர் கையில் ஒரு தமிழ்ச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸும், உதடும் கன்னமும் எடுப்பாகத் தெரிய ஃபில்லர் என்ற கூழ் ஊசியும் போட்டுக்கொள்பவர்கள் இப்போது டெல்டா ஊர்களிலும் இருக்கிறார்கள். கல்யாணப் பெண்கள் மட்டுமல்ல, அவர்களின் அம்மாக்களும் போட்டுக்கொள்கிறார்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ போய் ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுவதும் உண்டு. ஊசி போட அரை மணி நேரம் போதும். அதன்பின் இரண்டு வாரம் முகத்தைப் பார்த்துக்கொள்வது அவரவர் வேலை. அதற்கான குறிப்போ ஆங்கிலத்தில் அச்சடித்த தாளாக இருக்கிறது. ஜிம், சானா, ஸ்பா எல்லாம் வேண்டாம் என்று அதில் இருக்கும். நலங்கைப் பற்றியும் எண்ணெய்க் குளியலைப் பற்றியும் ஒரு வரி இருக்காது. தோல் சிகிச்சைப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில், நம் ஊர்ப் பழக்கங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் போடாக்ஸ். நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுக்கும் மருந்து இது. போட்ட அன்றே சுருக்கம் மறையாது. மூன்றாம் நாள் வாக்கில் தெரியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துபோகும். மருந்து போட்ட தசையிலேயே நிற்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பக்கத்துத் தசைக்கும் பரவக்கூடும். புருவ நடுவில் போட்டது கண் இமையைத் தூக்கும் தசைக்கு இறங்கினால் இமை தொங்கிவிடும். அதனால் முதல் 4 மணி நேரம் படுக்காமல், குனியாமல் இருங்கள். 24 மணி நேரத்துக்கு ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. வெயிலில் நின்று வேலை செய்வது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்வது, அடுப்படி அனலில் நெடுநேரம் நிற்பது எல்லாம் மறுநாளுக்கு இருக்கட்டும்.

நம் வீடுகளில் சிக்கல் வருவது இங்கேதான். குங்குமம் வைக்கும் இடமும் போடாக்ஸ் போடும் இடமும் ஒன்றே. கோயிலில் விபூதியை நெற்றி முழுக்க இழுத்துப் பூசுவதும், பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்து குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைப்பதும் அன்று வேண்டாம். ஊசித் துளை மூடாத தோலில் குங்குமச் சாயம் பட்டால் எரிச்சலும் வரும். தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிடுவதையும், இறுக்கமான ஹெல்மெட்டையும் ஒரு நாள் தவிர்க்க வேண்டும். எண்ணெய்க் குளியலில் தலையையும் நெற்றியையும் சேர்த்து அரக்கித் தேய்ப்பது வழக்கம் என்பதால், அதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறோம்.

இமை தொங்கினால் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குமேல், பத்து நாளுக்குள் தெரியும். பயப்பட வேண்டாம், சில வாரங்களில் தானாகச் சரியாகும். அதுவரை இமையைச் சற்றுத் தூக்கிவைக்கும் கண் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும், தசை பலவீனமாகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவர்களும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஃபில்லர் வேறு சங்கதி. இன்று அதிகம் போடப்படுவது ஹயலூரானிக் அமிலக் கூழ். ஊசி போட்ட இரண்டாம், மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். உதட்டில் இன்னும் கூடுதலாகத் தெரியும். "ஒரு பக்கம் பெரிதாகிவிட்டது" என்று அந்த நாளில் பதறி, வீட்டில் உருட்டிப் பிசையக் கூடாது. கூழ் நகர்ந்தால் உருவம் கோணும். இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மையான வடிவம் தெரியும். ரத்தக்கட்டு பத்து நாளில் மறையும். ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், இடைவெளி விட்டு ஒத்தடம் கொடுக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகும். முதல் இரண்டு இரவும் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். இரவு பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கி வருவதைவிட மோசமான பின்கவனிப்பு கிடையாது. கூடுமானால் அன்றிரவு அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள்.

உதட்டில் போட்டவர்கள் மரத்துப்போன உணர்வு போகும்வரை சூடான காபியைத் தொடக் கூடாது. உதடு வெந்தாலும் தெரியாது. ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதையும், சுண்ணாம்பு தடவிய வெற்றிலையையும் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள்.

நலங்குக்கு வருவோம். சந்தனமும் மஞ்சளும் குழைத்துச் சுமங்கலிகள் ஒவ்வொருவரும் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் தடவுவார்கள். பத்துப் பேர் தடவினால் பத்து முறை அழுத்தம், பத்துக் கைகள். கன்னத்தில் ஃபில்லர் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணுக்கு இது ஆகாது. சடங்கை விட முடியாது என்றால் நாளைத்தான் மாற்ற வேண்டும். போடாக்ஸ் முகூர்த்தத்துக்கு 4 வாரம் முன்பே முடிந்திருக்கட்டும். ஃபில்லருக்கு 6 வாரம் விட்டால் நிம்மதி. த்ரெடிங், பிளீச், ஃபேஷியல், வேக்ஸிங் எல்லாம் ஊசிக்குப் பின் இரண்டு வாரம் கழித்துத்தான். பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது போன்றவற்றை ஃபில்லருக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தவிர்க்க வேண்டும். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி கூழைச் சுற்றித் தங்கிவிடக்கூடும்.

ஆற்றிலும் குளத்திலும் கடலிலும் குளிப்பதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலா முழுக்குக்கும், ஆடி அமாவாசைக்குப் பூம்புகாருக்கும் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுத்தமில்லாத தண்ணீரில் இருக்கும் சில வகைக் கிருமிகள் ஊசித் துளை வழியே உள்ளே போனால், பல வாரம் கழித்துக் கட்டியாகக் கிளம்பும். அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

இனி சொல்வதை வீட்டிலுள்ள அனைவரும் படிக்க வேண்டும். ஃபில்லர் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, வெளியிலிருந்து குழாயை நெருக்கினாலோ, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் செத்துவிடும். ஊசி போட்ட இடத்தில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகும். தோல் முதலில் வெளுக்கும், பிறகு சாம்பலும் ஊதாவும் கலந்த வலைபோன்ற திட்டு படரும். ரத்தக்கட்டு ஊசித் துளையைச் சுற்றி ஒரே கறுப்பாக நிற்கும். இந்த வலைத் திட்டோ ஊசி போடாத இடத்துக்கும் ஓடும். மூக்கு ஓரத்தில் போட்டிருந்தால் மூக்கு நுனிவரை, மேல் உதட்டில் போட்டிருந்தால் மூக்கடி வரை. நம் மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது. விரலால் 5 விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மறு பக்கத்தையும் அதேபோல் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். உதட்டின் உட்புறத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்படி இருந்தால் ஐஸ் வைக்காதீர்கள். குளிர்ச்சி ரத்தக்குழாயை மேலும் சுருக்கிவிடும். ஹயலூரானிடேஸ் என்ற மருந்து அந்தக் கூழைக் கரைத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்குத் தோல் பிழைக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். நம் பக்கத்தில் அதை அம்மை என்று வேப்பிலை வைப்பதும், அக்கி என்று காவி குழைத்து எழுத அழைத்துப்போவதும் நடக்கும். உதட்டில் ஊசி போட்டால் அடங்கிக் கிடந்த அக்கி வைரஸ் கிளம்புவதும் உண்மையே; அதற்கும் மருந்து உண்டு. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். தோல் செத்துக்கொண்டிருக்கும்போது அக்கி எழுதிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முகத்தில் வடுவாக நிற்கும்.

ஊசி போடும்போதோ சற்று நேரத்திலோ கண் மங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், கடும் தலைவலியோடு வாந்தி வந்தால் அது இதைவிட அவசரம். ரத்தம் போகாமல் விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே கடினம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரவே அதற்கு மேல் ஆகும். எனவே ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது கிளினிக்கிலேயே உட்கார்ந்திருங்கள். போட்டுக்கொள்ளும் முன்பே "ஹயலூரானிடேஸ் இங்கே இருக்கிறதா, எத்தனை குப்பி?" என்று கேளுங்கள். கண்புரை அறுவையில் மரப்பு ஊசியோடு கலப்பதும் இதே மருந்துதான். கிடைப்பதற்கு அரிய பொருள் இல்லை.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இருந்தால் ரத்தக்கட்டு கூடும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தவே கூடாது. முதல் நாள் முகத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவி ஒற்றியெடுங்கள், மேக்கப் வேண்டாம். ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம் கலந்த கிரீம்கள் மூன்று நாள் வேண்டாம். மறுநாளிலிருந்து எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாட்டில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. ரத்தக்கட்டின் மேல் நம் ஊர் வெயில் பட்டால் கறை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கறைக்கு யாரோ சொன்ன சிவப்பழகு கிரீமை வாங்கிப் பூசாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஸ்டீராய்டு கலந்த தோல் கிரீம்கள் 2018 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கின்றன. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பருவும் ரோமமும் கிளம்பும்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஊசி போடும் ஒவ்வொரு கிளினிக்கும் தமிழில் ஒரு சீட்டு தர வேண்டும். அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், போடாக்ஸ் என்றால் எத்தனை யூனிட், ஃபில்லர் என்றால் எத்தனை மில்லி, எந்தெந்த இடம், போட்ட மருத்துவர் பெயர், இரவிலும் எடுக்கும் செல் நம்பர் ஆகியவை இருக்க வேண்டும். வேறு ஊர் மருத்துவர் நள்ளிரவில் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க இந்தச் சீட்டு பெரிதும் உதவும். பியூட்டி பார்லரில் மருத்துவர் அல்லாதவர் இந்த ஊசிகளைப் போடுவதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குகளைப் பதிவு செய்யும் மருத்துவ ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர்கள், ஃபில்லர் போடும் இடங்களை ஆய்வு செய்யும்போது ஹயலூரானிடேஸ் குப்பியையும் அதன் காலாவதித் தேதியையும் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் இதைத் தொடங்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
கும்பகோணம்