சிட்டம் பிடித்த கைகளுக்கு

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. கஞ்சி குடிக்கிறார், வராந்தா வரை நடக்கிறார், நேற்று காபியில் சர்க்கரை போதவில்லை என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். அவ்வளவுதான் செய்தி.

முதலில் கூட்டாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கொடுத்த ஏழு பேருக்கும் நன்றி. அதில் மூன்று பேரை நான் இன்னும் நேரில் பார்க்கவே இல்லை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்ட அன்று, கொட்டும் ஐப்பசி மழையில் கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கி வந்து பணத்தைக் கையில் வைத்த சித்தப்பாவுக்கும், குன்னூரில் அம்மாவுக்குத் துணையாக மாறி மாறிப் படுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காமார்களுக்கும், என் வகுப்பையும் சேர்த்து எடுத்த இரண்டு டீச்சர்களுக்கும், போன் செய்து என்னைப் பேச வைக்காமல் 'சாப்டியா' என்று மட்டும் செய்தி அனுப்பியவர்களுக்கும். ஐ.சி.யு. நர்ஸ் பெண்களுக்கும். கதவைக் கொஞ்சம் திறந்து தலையை மட்டும் நீட்டி, "தூங்கறாரு, பயப்படாதீங்க" என்று ஒருத்தி சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பில் கவுண்டரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நன்றி மடலில் அதற்கு இடமில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. அவர் இதைப் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் அம்மா கட்டிக் கொடுத்த பையில் துண்டு இல்லை, சோப்பு இல்லை. கரும்பச்சைக் கம்பளி நூல் இருந்தது. 100 கிராம் சிட்டம், அதாவது உருண்டையாகச் சுற்றாமல் வளையமாகக் கட்டிய நூல், ஆறு; 10-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, 8-ஆம் நம்பர் ஒரு ஜோடி. அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று எப்போதோ ஊட்டியில் வாங்கி வைத்தது. அம்மாவுக்குக் கண் மங்கிப்போனதில் பெட்டியிலேயே கிடந்தது. பையைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். இரண்டாவது நாள் ராத்திரி, செய்ய வேறு எதுவும் இல்லாமல், ஊசியில் 110 கண்ணி ஏற்றிப் பின்ன ஆரம்பித்தேன்.

பள்ளியில் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொண்டது. அப்புறம் அக்கா பிள்ளைகளுக்குக் குல்லா, காலுறை என்று ஏதோ செய்திருக்கிறேன்; ஆள் உயரத்துக்கு ஒன்றும் பின்னியதில்லை. அடிப் பட்டை 10-ஆம் நம்பர் ஊசியில், இரண்டு பிளெயின் இரண்டு பர்ல். அதற்கு மேல் 8-ஆம் நம்பர், ஒரு வரி பிளெயின் ஒரு வரி பர்ல். மூளை வேலை செய்யாத நேரத்திலும் கை செய்துகொண்டே போகும் என்பதுதான் இதிலுள்ள சௌகரியம். 'எண்ணுவது' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் இருப்பதை ஐ.சி.யு.வுக்கு வெளியே காத்திருந்த அந்த ஹாலில்தான் கவனித்தேன். கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் மற்றதை எண்ண முடியாது.

ஆனால் எல்லோரும் சொல்வதுபோல் பின்னல் மனதை அமைதிப்படுத்துகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. பல நாள் அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. 87 வரை எண்ணியிருப்பேன், "அட்டெண்டர் யாரு?" என்று குரல் வரும், ஊசியைப் போட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால் நாலு கண்ணி நழுவி, கீழே ஆறேழு வரிக்கு ஏணி விழுந்திருக்கும். விழுந்த கண்ணியை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொண்டுவர நல்ல வெளிச்சம் வேண்டும், நடுங்காத கை வேண்டும். இரண்டும் இல்லை. பிரிப்பேன். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும். அதை வைத்தே மறுபடி பின்னுவேன், அது மேடும் பள்ளமுமாக வரும். ஒரு நாள் ஊசியை ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது. ஜன்னல் திறக்காத வகை.

இன்னொன்று. அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று நான் விடாமல் பின்னினேன், 22 வரி. மறுநாள் அளந்து பார்த்தால் அதே 110 கண்ணி. கீழே அகலம் 20 அங்குலம் இருந்தது, அந்த 22 வரி மட்டும் 17 அங்குலம். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு மேல் பின்னியது பழையபடி அகன்றுவிட்டது. தூக்கிப் பிடித்தால் முதுகுப் பாகம் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியிருக்கிறது.

போனில் அம்மாவிடம் அழுதேன். அதற்குத்தான் அழுதேன், உடுக்கைக்கு. அம்மா நிதானமாக, "கம்பளின்னா நனைச்சு இழுத்துப் பரப்பிக் காயப்போடலாம். இது அக்ரிலிக் கலந்ததுடி, எவ்வளவு இழுத்தாலும் பழையபடிதான் வந்து நிக்கும். விடு, மேல போ" என்றாள். அந்த 23 நாளும் நாங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டோம். "எத்தனை வரி ஆச்சு?" என்பாள். நான் "36" என்றால் இன்று பரவாயில்லை என்று புரிந்துகொள்வாள். "நாலு" என்றால் பேசாமல் இருப்பாள். அதற்கப்புறம், "கைக்குழிக்கு எவ்வளவு குறைக்கணும்னு சொல்றேன், எழுதிக்கோ" என்பாள். அப்பாவின் பெயரைக்கூட எடுக்காமல் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று நான் நினைத்ததில்லை.

பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், "அப்பா உள்ள இப்படிக் கிடக்கறாரு, நீ இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கே" என்றார். பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஊசியை எடுக்கவே கூச்சமாக இருந்தது. பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அன்று ராத்திரிதான் அது. ஒன்றரை மணி இருக்கும். ஏசி குளிரில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். தூக்கம் வராமல், யாரும் பார்க்கவில்லை என்று அடுத்த சிட்டத்தை எடுத்தேன். உருண்டையாக வரும் நூல் என்றால் அப்படியே பின்னலாம். இதைச் சுற்றித்தான் ஆக வேண்டும். முந்தைய சிட்டங்களை நாற்காலி முதுகில் மாட்டி எப்படியோ சமாளித்திருந்தேன். இந்த முறை அவசரத்தில் சிட்டத்தைக் கட்டியிருந்த நூலை அறுத்துவிட்டு அப்புறம் மாட்டப் போனேன். மொத்தமும் சரிந்து மடியில் விழுந்தது. நுனியைத் தேடி இழுத்தேன், சிக்கியது. இன்னொரு பக்கம் இழுத்தேன், இறுகியது. கொஞ்ச நேரத்தில் மடியில் ஒரு குருவிக்கூடு. அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

"இழுக்காதீங்க அம்மிணி."

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் பையைச் சோதித்தபோது ஊசிகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்தி, கத்திரிக்கோல்தானுங்க கூடாது" என்று உள்ளே விட்டவர் அவர்தான். அதற்கப்புறம் நாங்கள் பேசியதில்லை.

"சிக்கு இழுத்தா இறுகுமுங்க. உதறோணும்" என்றபடி என் மடியிலிருந்து அந்தக் குருவிக்கூட்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். நுனியைத் தேடவே இல்லை. முதலில் இரண்டு கையையும் உள்ளே விட்டு மெல்ல அகட்டினார், உதறினார், திருப்பினார், மறுபடி உதறினார். கூடு வளையமாக மாறத் தொடங்கியது. எனக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வளையத்தை இரண்டு முன்கையிலும் மாட்டி நீட்டிக்கொண்டு, "இப்பச் சுத்துங்க. சிட்டம் நான் புடிச்சுக்கறேன்" என்றார். சிட்டம். அதற்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே 'நூல்' தான்.

சென்னிமலைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் குழித்தறியில் போர்வை நெய்திருக்கிறார். சின்ன வயதில் தெருவை அடைத்துப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நீட்டிக் கஞ்சி போடுவார்களாம், விடிவதற்குள் முடித்தாக வேண்டுமாம். விசைத்தறி வந்த பிறகு கூலி கட்டவில்லை, தறியை விட்டாயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் பின்னுவதும் அங்கே மிஷினில் ஓடுவதும் ஒரே கண்ணிதான், அதில் ஆயிரத்துக்கு மேல் ஊசி, எனக்கு இரண்டு என்றேன். சிரித்தார். பின்னிய பாகத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் அழுத்தி, இழுத்து, பின்பக்கம் திருப்பி. "தறியில ஒரு இழை அறுந்தா அந்த இழையோட போச்சுங்க. இது ஒண்ணு வுட்டா கீழவரைக்கும் போகுமாட்ட இருக்குது?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ரொம்பப் பொறுமை வேணும்" என்றார். அந்த 17 அங்குல இடத்தில் அவர் விரல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு செலவாச்சு. அந்த ஹாலில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றச் சுற்ற, நூல் வரும் பக்கம் அந்தந்தக் கையை லேசாகச் சாய்த்துக் கொடுத்தார். பாதியில் சூப்பர்வைசர் வந்தார். ஐயா எழுந்து, கையிலிருந்த பச்சை வளையத்தோடேயே சல்யூட் அடித்தார். சூப்பர்வைசருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, போய்விட்டார். நான் சிரித்தேன். எத்தனை நாள் கழித்துச் சிரித்தேன் என்று கணக்கில்லை.

கடைசியில் ஒரு இடத்தில் நூல் அறுந்தது. நான் இழுத்ததில் முன்பே பிய்ந்திருக்க வேண்டும். என்னிடம் அம்மாவின் சட்டம் ஒன்று உண்டு: நடுவில் முடிச்சுப் போடாதே, வரியின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் புது நூல் சேர். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஏதோ செய்தார். கண்ணுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். நெசவுக்காரர் முடிச்சு. தறியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டிருப்பாரோ. "போச்சுங்களா, பாருங்க" என்று நூலை நீட்டினார். விரலை ஓட்டிப் பார்த்தேன். நூலின் இயல்பான முறுக்கு மட்டும்தான் தட்டுப்பட்டது.

மறுநாள் பகலில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பின்னினேன். 40 வரி. அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன காலையில் அவர் டூட்டியில் இல்லை. செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது வாசலில் வேறு ஆள். ஏஜென்சி அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டதாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பேர் கேட்டார்கள். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் பேரை. சட்டையில் நம்பர் மட்டும்தான் இருந்தது, அதையும் பார்த்து வைக்கவில்லை.

ஐயா, மார்கழிக்கு முன்னால் உங்களுக்கு ஒரு மங்கி குல்லா பின்னி முடித்துவிடுவேன். கரும்பச்சையில் அரை உருண்டை மீந்திருக்கிறது, குல்லாவுக்குத் தாராளமாகப் போதும். அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் இனி ஒவ்வொரு முறையும் கோவைக்கு வருவேன். ராத்திரிக் காவலுக்கு நிற்கும் பெரியவர்களை இனிமேல் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போக மாட்டேன், உங்களைத் தேடுவதற்காகவாவது.

ஸ்வெட்டர் முந்தாநாள் முடிந்தது. இடது கை வலது கையைவிட ஒரு அங்குலம் நீளம். இடுப்புக்கு மேல் உடுக்கை அப்படியே இருக்கிறது, பிரிக்கவில்லை. அப்பா இளைத்துப்போனதில் அந்த இடம்தான் அவருக்குச் சரியாகப் பொருந்துகிறது, மற்றதெல்லாம் தொளதொள.

முடிச்சுக் கதையை அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "முடிச்சுன்னா கைக்குத் தெரியாம இருக்குமாக்கும்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகில் வரி வரியாக விரலை ஓட்டித் தேட ஆரம்பித்தாள். கழுத்திலிருந்து பட்டை வரை ஒரு தடவை. அப்புறம் முன்பக்கம். அப்பா நெளிந்தார்.

"என்னடி தேடறே?"

"சும்மா இருங்க, அசையாதீங்க" என்றாள். இன்னும் கிடைக்கவில்லை.